தீர விசாரித்ததும் பொய்: ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’

இன்றைய பேச்சுக்குப் பொருள் ஒரே ஒரு படம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி, 1954 ஆகஸ்டில் நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘ரியர் விண்டோ’.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ரியர் விண்டோ என்றால் பின்பக்கத்து ஜன்னல். வீட்டின் முகப்பு ஊருக்காக இருப்பது. அங்கே மனிதர்கள் தலைவாரி, உடுத்திக்கொண்டுதான் வந்து நிற்பார்கள். கொல்லைப்புறம் அப்படியல்ல. துணி காய்வதும் சண்டை நடப்பதும் யாருக்கும் தெரியாமல் அழுவதும் அங்கேதான். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், அடுக்குக் குடியிருப்புகளின் முதுகுகள் சூழ்ந்து நிற்கும் ஒரு கொல்லைப்புறம்தான் இந்தப் படத்தின் முழு உலகம். படம் ஓடுவது 112 நிமிடம். அதில் தெரு என்பது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்து வழியாகத் தெரியும் ஒரு கீற்று மட்டுமே.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று தமிழில் சொல்வதுண்டு. இந்தப் படம் அந்த வாக்கைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்க்கிறது. இதில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணால் காண்கிறார். இன்னொருவர் ஓடியாடி, ஆள் ஆளாகக் கேட்டு, முறைப்படி விசாரிக்கிறார். கண்டவர் சொல்வது மெய்யாகிறது. விசாரித்தவர் சொல்வது பொய்யாகிறது. ஆனால் அது அவ்வளவு சுளுவாக நடந்துவிடுவதில்லை. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் பார்வையாளரை வெகுநேரம் தவிக்க விடுவதில்தான் படத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஜெஃப்ரீஸ் பத்திரிகைப் புகைப்படக்காரர். கார் பந்தயத்தைப் படமெடுக்கப் போன இடத்தில் கால் முறிந்து, மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் கிடக்கிறார். ஆறு வாரம் ஓடிவிட்டது. இன்னும் ஒரு வாரம் பாக்கி. கோடை வெக்கை. ஊரே ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறது. பொழுது போகாமல் எதிர் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே தோர்வால்ட் என்ற கவரிங் நகை விற்பனைப் பிரதிநிதி, படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியோடு ஓயாமல் சண்டை போடுகிறார். ஒரு மழை இரவு கழிகிறது. விடிந்த பிறகு அந்த மனைவியைக் காணோம்.

இதன் மூலம் கார்னெல் வுல்ரிச் 1942இல் ஒரு துப்பறியும் இதழில் எழுதிய சிறுகதை. அந்தக் கதையில் நாயகனுக்குக் காதலி கிடையாது, ஒரு வேலையாள் மட்டும் உண்டு. நாயகன் ஏன் எழுந்து நடமாடாமலே இருக்கிறான் என்பதற்கான விடையை, அதாவது காலில் உள்ள மாவுக்கட்டை, வுல்ரிச் கடைசியில்தான் அவிழ்க்கிறார். திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேய்ஸ் அதை முதல் காட்சிக்கே கொண்டுவந்தார்; லிசா என்ற காதலியையும் சேர்த்தார். இந்தச் சிறுகதைக்குப் பின்னாளில் ஒரு வழக்கும் வாய்த்தது. வுல்ரிச் 1968இல் இறந்த பின், கதையின் புதுப்பிக்கப்பட்ட உரிமையை ஒருவர் 650 டாலரும் வருவாயில் பங்கும் தருவதாகச் சொல்லி வாங்கினார். படத்தை மறுபடி வெளியிட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1990இல் அவர் பக்கமே தீர்ப்பானது. நாயகனாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் படத்தின் உரிமையாளர்களில் ஒருவர் என்பதால், அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

வழக்கு கிடக்கட்டும். கொல்லைப்புறத்துக்கு வரலாம். அது நிஜக் கொல்லைப்புறமே அல்ல. ஹாலிவுட்டில் பாரமவுண்ட் நிறுவனத்தின் 18ஆம் எண் படப்பிடிப்புத் தளத்துக்குள் எழுப்பிய செட். மொத்தம் 31 குடியிருப்புகள். அவற்றில் 12 வீடுகளுக்கு உள்ளே கட்டில், மேசை, விளக்கு என்று குடித்தனத்துக்கு வேண்டிய எல்லாம் உண்டு. உயரம் போதவில்லை என்று தளத்தின் தரையையே பெயர்த்து, கீழே இருந்த நிலவறையைக் கொல்லைப்புறத் தரையாக்கினார்கள். மாடியில் இருப்பதாகத் தோன்றும் ஜெஃப்ரீஸின் அறை உண்மையில் தளத்தின் மட்டத்தில் இருந்தது. காலை, நடுப்பகல், அந்தி, நள்ளிரவு எல்லாமே விளக்குகளின் வேலை. எதிர் வீடுகளில் நடித்தவர்களின் காதுகளில் தோல் நிறத்தில் சின்ன வானொலிக் கருவி. ஹிட்ச்காக் இந்தப் பக்கத்து அறையில் உட்கார்ந்தபடியே, அங்கே நடக்கச் சொன்னார், இங்கே திரும்பச் சொன்னார்.

இத்தனை பாடும் எதற்கு? பார்க்கும் இடம் மாறக் கூடாது என்ற ஒரே நிபந்தனைக்காக. ஓரிரு இடங்களைத் தவிர, கேமரா நாயகனின் அறையை விட்டுப் போகாது. அவருக்குத் தெரிவதுதான் பார்வையாளருக்கும் தெரியும். அவருக்குக் கேட்காதது இவருக்கும் கேட்காது. எதிர் வீட்டில் தோர்வால்டும் மனைவியும் போடும் சண்டையில் வார்த்தை புரிவதில்லை. கையும் வாயும் அசைவதுதான் தெரிகிறது. பேசும் படத்துக்கு நடுவே ஓர் ஊமைப் படம் ஓடுகிறது.

ஊமைப் படக் காலத்தில் தொழில் பழகியவர் ஹிட்ச்காக். அந்தப் பழக்கம் எவ்வளவு உதவுகிறது என்பதைத் தொடக்கக் காட்சியிலேயே காணலாம். கேமரா ஜன்னலுக்கு வெளியே போய்க் கொல்லைப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. வியர்வை வழியத் தூங்கும் முகம். வெப்பமானியில் பாதரசம் 90ஐத் தாண்டி நிற்கிறது. பிறகு கால்கட்டு, அதன்மேல் யாரோ கேலியாக எழுதிய வாசகம். அப்புறம் நொறுங்கிப்போன கேமரா. சுவரில், கார் ஒன்று தாறுமாறாகச் சுழன்று, கழன்ற சக்கரம் நேரே பாய்ந்து வரும் புகைப்படம். அடுத்து வெடிவிபத்துப் படங்கள். முடிவில் ஒரு பெண்ணின் முகம், நெகட்டிவாக. பக்கத்தில் அதே முகம் பத்திரிகை அட்டையில். யார், என்ன தொழில், எப்படி அடிபட்டார், என்ன மாதிரி ஆபத்துகளைத் தேடிப் போகிறவர், காதலி எந்த உலகத்தைச் சேர்ந்தவள், எல்லாம் விளங்கிவிட்டது. அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி கண்ணின் கதை. படம் முழுக்கத் திரும்பத் திரும்ப மூன்று துண்டுகள் வருகின்றன. ஜெஃப்ரீஸின் முகம், அவர் பார்க்கும் காட்சி, மீண்டும் அவர் முகம். பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவோடு நடந்த புகழ்பெற்ற உரையாடலில் ஹிட்ச்காக் இதை விளக்கியிருக்கிறார். ஸ்டூவர்ட்டின் முகம், அடுத்து, கூடையில் வைத்துக் கீழே இறக்கப்படும் குட்டி நாய், மறுபடி ஸ்டூவர்ட்டின் புன்னகை. பார்ப்பவருக்கு அவர் இளகிய மனசுக்காரர். நாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரைகுறை ஆடையில் உடற்பயிற்சி செய்யும் பெண்ணை வைத்தால்? புன்னகை மாறவில்லை. ஆனால் ஆள் சபலக்காரர் ஆகிவிடுகிறார். குலெஷோவ், புடோவ்கின் போன்ற ரஷ்ய இயக்குநர்கள் கண்டறிந்து எழுதிய பாடம் இது. அர்த்தம் முகத்தில் இல்லை, ஒட்டும் இடத்தில் இருக்கிறது. மற்ற படங்களில் இது ஒரு உத்தி. இந்தப் படத்தில் இதுவே கதை. ஜெஃப்ரீஸும் இதைத்தானே செய்கிறார்? ஒரு ஜன்னலில் கத்தி, இன்னொரு ஜன்னலில் கயிறு, நடுவே காலிப் படுக்கை. மூன்றையும் மனசுக்குள் ஒட்டி, கொலை என்கிறார்.

எதிர் ஜன்னல்களில் வேறு குடித்தனங்களும் உண்டு. ஆடவர் கூட்டம் மொய்க்கும் நடனக்காரி. வராத விருந்தாளிக்காக மேசையில் இரண்டு தட்டு வைத்து, காற்றோடு பேசும் தனிமைப்பட்ட பெண். திரையை இழுத்துவிட்டு வெளியே தலைகாட்டாத புதுமணத் தம்பதி. நாயையே பிள்ளையாக வளர்க்கும் நடுவயதுத் தம்பதி. ஒரே மெட்டோடு போராடும் பியானோக்காரர். இவர்கள் எல்லாம் வெறும் பின்னணி அல்ல. லிசா கல்யாணம் பேசுகிறாள், ஜெஃப்ரீஸ் நழுவுகிறார். எதிரே உள்ள ஒவ்வொரு ஜன்னலும், கல்யாணம் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விடை. தோர்வால்டின் ஜன்னல் அவற்றில் ஆகக் கொடிய விடை. அங்கே படுக்கையில் கிடப்பவள் மனைவி, சாப்பாடு கொண்டுவந்து வைப்பவர் கணவர். இந்தப் பக்கம் கிடப்பவர் ஆண், உணவு கொண்டுவருபவள் பெண். கண்ணாடியில் வலது இடதாவது போல.

இப்போது அந்த மழை இரவு. ஒரு அலறல், கண்ணாடி உடையும் சத்தம். வெக்கை தாங்காமல் வெளி மாடிப்படியில் மெத்தை விரித்திருந்த தம்பதி நனைந்துகொண்டு உள்ளே ஓடுகிறார்கள். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் தோர்வால்ட் தன் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார். ஜெஃப்ரீஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விழித்திருக்கிறார், விடியும்போது கண்ணயர்ந்துவிடுகிறார். அப்போதுதான் ஹிட்ச்காக் தம் விதியைத் தாமே மீறுகிறார். தூங்குபவரின் அறையிலிருந்து கேமரா மட்டும் விழித்துப் பார்க்கிறது: தோர்வால்ட், கறுப்பு உடையணிந்த ஒரு பெண்ணோடு வீட்டை விட்டுப் போகிறார். அவள் முகம் தெரியவில்லை.

சில விநாடிக் காட்சிதான். ஆனால் படத்தின் அச்சாணி அது. அந்த நிமிடத்திலிருந்து பார்வையாளருக்கு நாயகனை விட ஒன்று கூடுதலாகத் தெரியும். தெரிந்தது உதவியா? இல்லை, உபத்திரவம். ஜெஃப்ரீஸ் கொலை, கொலை என்று அடித்துச் சொல்லும்போதெல்லாம், அந்தப் பெண் மனைவிதானோ, இந்த மனிதர் தூங்கியதால் தவறாக நினைக்கிறாரோ என்று பார்வையாளரின் மனம் அரிக்கிறது. நாயகனின் கண்ணை நம்பி வந்தவர், அவரையே சந்தேகிக்கிறார்.

அந்தச் சந்தேகத்துக்கு எரியூட்ட டாயில் வருகிறார். ஜெஃப்ரீஸின் பழைய போர்க்கால நண்பர், இப்போது துப்பறியும் அதிகாரி. அவர் சோம்பேறி அல்ல, முட்டாளும் அல்ல. விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரிக்கிறார். தோர்வால்ட் மனைவியோடு அதிகாலையில் கிளம்பிப் போனதைப் பார்த்த சாட்சிகள் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மனைவி பெயரில் தபால் அட்டை வந்திருக்கிறது. கயிறு கட்டி அனுப்பிய பெரிய பெட்டியை அங்கே ஒரு பெண் வந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். திறந்து பார்த்தால் உள்ளே துணிமணிதான். சாட்சி, கடிதம், பொருள் மூன்றும் ஒத்துப்போகின்றன. நீதிமன்றத்தில் இது நிற்கும். ஆனால் மூன்றும் பொய். விசாரிப்பவர் எதைக் கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்த கொலைகாரர், கேட்பதற்கான விடைகளைத் தயார் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதே 1954இல், ஏப்ரலில், சென்னையில் ‘அந்த நாள்’ வெளிவந்தது என்பதைப் போகிற போக்கில் நினைவுகூரலாம். ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. அதிலும் ஒரு கொலை. சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, அதிகாரி விசாரித்து விசாரித்து உண்மைக்கு வருகிறார். இரண்டு படங்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. அங்கே பழமொழி நிற்கிறது, இங்கே சரிகிறது, அவ்வளவே.

டாயிலின் அடுக்கடுக்கான சான்றுகளை உடைப்பது எது? துப்பாக்கி அல்ல, ஆய்வுக்கூடம் அல்ல. ஒரு கைப்பை. தோர்வால்ட், மனைவியின் கைப்பையிலிருந்து நகைகளை எடுத்துப் பார்த்ததை ஜெஃப்ரீஸ் கண்டிருந்தார்; அதன் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை. லிசாவுக்கு உடனே பிடிபடுகிறது. பிடித்தமான கைப்பையைக் கட்டில் ஓரத்தில் மாட்டிவிட்டு எந்தப் பெண்ணும் ஊருக்குப் போவதில்லை. நகைகளை இப்படி ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும்படி அள்ளிப் போடுவதில்லை. அதிலும் கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவாளா? டாயில் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். அதிகாரியின் கேள்விப் பட்டியலில் இல்லாத அறிவு அது. லிசாவாக நடித்த கிரேஸ் கெல்லி முதல் பாதியில் பட்டும் முத்துமாக, புகழ்பெற்ற உணவகத்திலிருந்து சாப்பாடு வரவழைக்கும் சீமாட்டியாக மட்டுமே தெரிகிறார். நகையும் உடையும் அறிந்தவள் என்று ஜெஃப்ரீஸ் எதைக் குறைவாக எண்ணினாரோ, அதுவே வழக்கைத் திறக்கும் சாவியாகிறது. படத்தின் ஆகச் சிறந்த முரண் இதுதான்.

கூட்டம் இங்கே ஒரு கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளலாம். டாயில் வந்து, கொலையே நடக்கவில்லை என்று சொன்னபோது பார்வையாளருக்கு மகிழ்ச்சியா, ஏமாற்றமா? ஒரு பெண் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அது. ஆனாலும் முகம் சுருங்குகிறது. ஜெஃப்ரீஸுக்கும் லிசாவுக்கும் அப்படியே. லிசா அதை வாய்விட்டே சொல்லி வெட்கப்படுகிறாள். ஹிட்ச்காக் தம் ரசிகர்களை இவ்வளவு நேரடியாகக் குத்திக்காட்டிய இடம் வேறு அதிகம் இல்லை.

வெட்கம் அடங்குவதற்குள் ஒரு அலறல். கூடையில் இறங்கி வரும் அந்தக் குட்டி நாய் கழுத்து முறிந்து செத்துக் கிடக்கிறது. பூச்செடியைத் தோண்டித் தோண்டி மோப்பம் பிடித்த நாய். அதை வளர்த்தவள் மாடியிலிருந்து அக்கம்பக்கத்தாரைப் பார்த்து அழுது கேட்கிறாள், நீங்களெல்லாம் அண்டை வீட்டாரா என்று. எல்லா ஜன்னல்களிலும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இங்கே கேமரா முதன்முறையாகக் கொல்லைப்புறத்துக்குள் இறங்கி, அவர்கள் முகங்களுக்குப் பக்கத்தில் போகிறது. ஒரே ஒரு ஜன்னலில் ஆள் இல்லை. விளக்கும் இல்லை. இருட்டுக்குள் ஒரு சிகரெட் நுனி மட்டும் கனிந்து மங்குகிறது. ஜெஃப்ரீஸுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பிறகு மோதிரம். 1910இல் லண்டனை உலுக்கிய கிரிப்பன் கொலை வழக்கில், மனைவி அமெரிக்கா போய்விட்டாள் என்று சொல்லிவந்த டாக்டர் கிரிப்பனின் காதலி, அந்த மனைவியின் நகையை அணிந்து வெளியே வந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஹிட்ச்காக் அதை மனதில் வைத்தே மோதிரத்தைக் கதையில் சேர்த்தார். லிசா தோர்வால்டின் வீட்டுக்குள் ஏறிக் குதித்து மோதிரத்தைத் தேடுகிறாள். தோர்வால்ட் திரும்பி வந்துவிடுகிறார். எதிர்ப்பக்கத்தில் ஜெஃப்ரீஸ் நாற்காலியில் நெளிகிறார். கத்தினால் கேட்கும், கேட்டால் காட்டிக்கொடுக்கும். இத்தனை நாள் பார்த்துக் களித்த தூரம் இப்போது தண்டனையாகிறது. போலீஸ் வந்த பிறகு, லிசா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, விரலில் மாட்டிய மோதிரத்தை ஜெஃப்ரீஸுக்குத் தெரியும்படி ஜாடையாக ஆட்டுகிறாள். சான்று கிடைத்துவிட்டது என்ற சேதி அது. கல்யாண மோதிரம் விரலில் ஏறிவிட்டது என்ற இன்னொரு சேதியும் அதிலேயே உண்டு. தோர்வால்ட் அந்த விரலைக் கவனிக்கிறார். தலை நிமிர்த்துகிறார். கொல்லைப்புறம் தாண்டி, லென்ஸ் தாண்டி, நேராகப் பார்க்கிறார். பார்க்கப்பட்டவர் முதன்முறையாகத் திருப்பிப் பார்க்கிறார். அரங்கில் உட்கார்ந்திருப்பவரும் சட்டென்று பின்னுக்குச் சாய்வார். அந்தப் பார்வை அவர் மேலும்தானே விழுகிறது.

இதற்குப் பிறகு படம் கண்ணிலிருந்து காதுக்கு மாறுகிறது. தொலைபேசி ஒலிக்கிறது. டாயில்தான் என்று நினைத்து, யாரென்று கேட்காமலே ஜெஃப்ரீஸ் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். மறுமுனையில் மௌனம். வைக்கும் ஓசை. பிறகு மாடிப்படியில் காலடி. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் அணைகிறது. பின்னணி இசை கிடையாது. தொடக்க எழுத்துகளுக்கு ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் அமைத்த இசை முடிந்த பின், படத்தில் கேட்பதெல்லாம் யாரோ வீட்டு வானொலி, யாரோ வீட்டுப் பியானோ, தெருவின் இரைச்சல். அந்தச் சிக்கனத்தின் பலன் இந்தக் காலடி ஓசையில்தான் வட்டியோடு கிடைக்கிறது.

உள்ளே வந்த கொலைகாரர் கர்ஜிப்பதில்லை. என்னிடமிருந்து உனக்கு என்ன வேண்டும் என்று களைத்த குரலில் கேட்கிறார். தோர்வால்டாக நடித்த ரேமண்ட் பர் அந்த நொடியில் கொஞ்சம் இரக்கத்தைக்கூடச் சம்பாதித்துவிடுகிறார். ஜெஃப்ரீஸிடம் பதில் இல்லை. ஆயுதமும் இல்லை, ஃபிளாஷ் பல்புகளைத் தவிர. பார்ப்பதற்கு வெளிச்சம் தந்த கருவியை, பார்வையைப் பறிக்கப் பயன்படுத்துகிறார். ஒவ்வொரு பல்பு எரியும்போதும் தோர்வால்டின் கண்ணில் செம்மஞ்சள் வட்டம் படர்வதைத் திரையிலும் காட்டுகிறார்கள். கண் கூசுவது கொலைகாரருக்கு மட்டுமல்ல. நாலு முறை தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. ஜெஃப்ரீஸ் தாம் இத்தனை நாள் எட்டிப்பார்த்த அதே ஜன்னல் வழியே கீழே விழுகிறார்.

படம் வெளிவந்த ஆண்டுக்கான ஆஸ்கருக்கு இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு என நாலு பிரிவுகளில் படம் முன்மொழியப்பட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. எழுபதுகளில் பல ஆண்டுகள் எங்கும் காணக் கிடைக்காமல் முடங்கி, 1983இல்தான் அரங்குகளுக்குத் திரும்பியது.

கடைசிக் காட்சி, முதல் காட்சியைப் போலவே ஒரு சுற்று. வெப்பம் தணிந்துவிட்டது. பியானோக்காரரின் பாட்டு முடிந்து இசைத்தட்டாகிவிட்டது. அதைக் கேட்டுத் தற்கொலை எண்ணத்தைக் கைவிட்ட தனிமைப் பெண் அவர் அறையில் இருக்கிறாள். நாயில்லாத வீட்டுக்குப் புது நாய்க்குட்டி. புதுமணத் தம்பதி சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள். தோர்வால்டின் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஜெஃப்ரீஸுக்கு இப்போது இரண்டு கால்களிலும் மாவுக்கட்டு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தூங்குகிறார். பக்கத்தில் லிசா கால்சட்டை போட்டுக்கொண்டு, அவருக்குப் பிடித்த மாதிரி, இமயமலைப் பயணப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவர் தூங்குகிறாரா என்று ஒரு முறை பார்க்கிறாள். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, ஃபேஷன் பத்திரிகையை எடுத்து விரிக்கிறாள். அன்று விடியற்காலையைப் போலவே இப்போதும் அவர் தூங்கிவிட்டார். நடந்ததைப் பார்த்தவர் பார்வையாளர் மட்டும்தான்.